அழகிக்கு மட்டும் வெறும் மரம்

14 ஜூன் 1955, புதுக்கோட்டை

அழகிக்கு மூன்றாவது பல். கீழ் ஈறில் அரிசி நுனி மாதிரி தெரிகிறது. விரலை வைத்துப் பார்க்கும்போதே கடித்துவிட்டாள்.

பல் வர ஆரம்பித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இன்று ஒரே நாளில் அவள் வாயிலிருந்து தோண்டி எடுத்தவை: என் முந்தானை, ஒரு புளியங்கொட்டை, அவர் செருப்பு வார், தினசரித்தாளில் ஒரு சினிமா விளம்பரம் பாதி. அந்தப் புளியங்கொட்டை! ஒரு நிமிஷம் நான் அடுப்பங்கரையில் இருந்திருந்தால்?

அவர் சிரிக்கிறார். "நல்ல வேளை, பி.எஸ்ஸி.யோட நிறுத்துனாங்க. மேல படிச்சிருந்தா பிள்ளைக்குக் காத்தையும் வடிகட்டித்தான் விடுவே."

சிரிக்கட்டும். அந்தப் பயத்தில்தானே பட்டறைக்கு இந்த வேலையே வந்தது. போன வருஷம் வரை அவர் கடைசல் பட்டறையில் கட்டில் கால், தொட்டில் கம்பு, நடைவண்டி, அவ்வளவுதான். அழகி வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது சந்தையில் ஒரு கிலுகிலுப்பை பார்த்தேன். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தது. நகத்தால் சுரண்டினால் செதிள் செதிளாக வருகிறது. இதையா பிள்ளை சப்ப வேண்டும்? "நாமே கடையலாமே, அரக்குப் பூசி, செடியிலிருந்து எடுத்த சாயம் போட்டு" என்றேன். அவர் யோசித்தார். ஆத்மநாதன் யோசித்தால் ஒரு மாதம். அப்புறம் "சரி" என்றார்.

மரத்தை உருட்டி எடுப்பது பட்டறைக்காரர்கள் வேலை. அதன் மேல் அழகு பண்ணுவது என் வேலை.

19 ஜூன்

பட்டறைக்குப் போயிருந்தேன். அழகியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம். (அங்கே சாம்பிராணிக் கரண்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததே, எடுத்து மேலே வைக்கச் சொன்னேனா? சொன்னேன்.)

புதிதாக ஒன்று கண்டுபிடித்தோம். உளியை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் தளர விட்டால், சுற்றுகிற மரத்தின் மேல் அது துள்ளுகிறது. துள்ளித் துள்ளி வட்டமாகப் பூ விழுகிறது, தேங்காய்ப்பூவைத் தட்டில் சுற்றி வைத்தாற்போல. அதற்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியை அழுத்திப் பிடித்தால் புகைந்து கருப்பாக ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே சாயம் குழைத்த அரக்குக் குச்சியை வைத்தால் சூட்டில் இளகி வளையமாக ஒட்டிக்கொள்கிறது. தாழை மடலால் ஒரு தேய்ப்பு. முகம் தெரிகிறது.

கடைசல் பிடிக்கும் செல்லமுத்து அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "உளி துள்ளக் கூடாதுன்னு அடி வாங்கி அடி வாங்கி வேலை கத்துக்கிட்டேன். இப்ப ஆத்தா வந்து துள்ள விடுங்கிறாக. எங்க வாத்தியாரு பார்த்தா மறுபடி அடிப்பாரு."

"அடிச்சா நான் வாங்கிக்கிறேன் அண்ணே."

"முதல்ல முந்தானையைச் சொருகிக்கிட்டு அங்கிட்டு நில்லுங்க. மோட்டாரு ஆளு பார்த்து இழுக்காது."

ஒரே குறை, சிவப்பு. மஞ்சளுக்கு மஞ்சள் இருக்கிறது, நீலத்துக்கு அவுரி, இரண்டையும் கலந்தால் பச்சை. சிவப்புக்குச் சப்பாங்கட்டை என்கிற சாய மரத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். தண்ணீரில் இருக்கும்போது ரத்தச் சிவப்பு. அரக்கோடு சேர்ந்ததும் பழைய செங்கல். சென்னைக் கடைக்காரர் கடிதம் எழுதியிருக்கிறார்: வேலைப்பாடு பிரமாதம், ஆனால் சிவப்பு எடுப்பாக இல்லை, கண்ணாடி அலமாரியில் வைத்தால் தெருவிலிருந்து தெரியவில்லை. சிவப்பு சரியானால் நவராத்திரிக்கு மூன்று குரோஸ் எடுப்பாராம்.

மூன்று குரோஸ்! நானூற்று முப்பத்திரண்டு கிலுகிலுப்பை! அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

2 ஜூலை

அவர் திருச்சி போய் வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்ததும் கண் கூசியது. அப்படி ஒரு சிவப்பு.

"என்னங்க இது?"

"செந்தூரம்."

"செந்தூரமா?"

"நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன். ஏன், நீ தின்னதுதானே?"

உண்மைதான். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் குறைச்சல் என்று நாற்பது நாள் தேனில் குழைத்து அயச்செந்தூரம் சாப்பிட்டேன். இரும்புதான் அது. பிள்ளைகளுக்கே கொடுக்கிறார்கள்.

நான் சாப்பிட்டது இன்னும் கருஞ்சிவப்பாக, காவி மாதிரி இருந்த ஞாபகம். இது ஆரஞ்சுப் பழம் போல இருக்கிறது. கேட்க நினைத்தேன். அழகி அழுதாள். எழுந்து போய்விட்டேன்.

3 ஜூலை

இன்று சிவப்பு வளையம் போட்டோம். செல்லமுத்து அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

20 ஜூலை

லேபிள் வந்துவிட்டது. அச்சகத்தில் நன்றாகவே அடித்திருக்கிறார்கள். வாசகம் என்னுடையது: "குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை. அரக்கும் இயற்கைச் சாயமும் மட்டுமே. செங்கமலம், பி.எஸ்ஸி. (ரசாயனம்)." அதன் கீழே நான் கையெழுத்துப் போட இடம். பேர் வேண்டாமே என்றேன். "அந்தப் பேருக்குத்தான் வாங்குவாங்க, போடு" என்றார். ஒவ்வொன்றிலும் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். காலேஜை விட்டு வந்து மூன்று வருஷமாக அந்த நான்கு எழுத்துக்கு இந்த வீட்டில் வேலையே இல்லாமல் இருந்தது.

சாயங்காலம் மேரி வந்தாள். அடைக்கலமேரி, காலேஜில் என் பக்கத்து மேஜை. ஊர் ஆவூர், இங்கே பெண்கள் ஸ்கூலில் ரசாயனம் எடுக்கிறாள். இடுப்பில் செசிலி, எட்டு மாதம், அழகிக்கு ஒரு மாதம் இளையவள். கிலுகிலுப்பையைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, மரத்துக்கே நகை போட்டு விட்டிருக்கே! கல்யாணம் கட்டிக் கொடுக்கப் போறியா?"

"செசிலிக்குத்தான். எடுத்துக்க."

செசிலி அதை வாங்கியதும் நேராகச் சிவப்பு வளையத்தில் வாயை வைத்தாள். மேரி என்னைப் பார்த்தாள், சும்மா, ஒரு பார்வை. "தாராளமா" என்றேன். "லேபிளைப் படி."

இன்னொன்றும் எழுத வேண்டும், மனசில் உறுத்துகிறது. அழகிக்கும் இன்று கிலுகிலுப்பை கொண்டுவந்தார். ஆனால் வெறும் மரம். பூ இல்லை, கோடு இல்லை, ஒரு பொட்டு நிறம் இல்லை. வெட்பாலைக் கட்டையைக் கடைந்து மழமழவென்று தேய்த்தது, அவ்வளவுதான்.

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் அலங்காரம் பண்றேன். என் பிள்ளைக்கு மொட்டையா?"

"கண்ணு பட்டுரும் கமலம். நம்ம பிள்ளைக்கு இது போதும். நானே ராத்திரி உக்காந்து தேய்ச்சேன்."

தானே தேய்த்தாராம். அப்புறம் என்ன சொல்ல? இருந்தாலும் குறையாகத்தான் இருந்தது. அவர் போனதும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டேன்.

11 ஆகஸ்ட்

மூன்று குரோஸும் லாரியில் ஏறிவிட்டது. உள்ளூரிலும் முப்பதுக்கு மேல் போயிருக்கிறது. கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது.

2 செப்டம்பர்

மேரி ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கிறாள். செசிலிக்கு நான்கு நாளாக வெளியே போகவில்லையாம், வயிற்றைச் சுருட்டிக்கொண்டு அழுகிறாளாம். டாக்டர் பூச்சி என்று மருந்து கொடுத்திருக்கிறார். பல் முளைக்கிற சமயம் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டிலும் சொன்னார்களாம்.

அழகியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது. காலையில் சரியாகப் போனாள். கடவுளே.

9 செப்டம்பர்

செசிலி எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறாள் என்று மேரி சொல்லி அனுப்பினாள். நாளை போக வேண்டும் என்று நினைத்தேன். அழகிக்கு மூக்கு ஒழுகல். தொற்று ஏதாவது இருந்தால்? போகவில்லை.

16 செப்டம்பர்

போனேன்.

அந்தப் பிள்ளையா அது! எலுமிச்சம்பழம் மாதிரி வெளுத்துப் போயிருக்கிறாள். கழுத்து நிற்கவில்லை. ஆனால் கையில் அந்தக் கிலுகிலுப்பை மட்டும் விடவில்லை. "இது ஒண்ணு இருந்தாத்தான் அழுகையை நிறுத்துறா" என்கிறாள் மேரி.

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் வளையம் அப்படியே இருக்கிறது. பச்சை அப்படியே இருக்கிறது. சிவப்பில் பாதியைக் காணோம். பல் பதிந்த தடம், நடுவில் வெள்ளை மரம்.

"சிவப்பு எங்கடி?"

"எங்க போகும்? எல்லாம் இவ வயித்துக்குள்ளதான். நீதானே தாராளமான்னே."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் செசிலியின் உதட்டை மெல்ல விலக்கினேன். கீழே இரண்டு பல். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிலேட்டுப் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு, நீலமும் கருப்புமாக.

அந்தக் கோட்டை நான் படித்திருக்கிறேன். மூன்றாம் வருஷப் புத்தகம், இடது பக்கம், கீழே சின்ன எழுத்தில்: ஈயம் உள்ளே போனால் ஈறில் நீலக் கோடு. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். செந்தூரம் என்று கடையில் விற்கும் ஆரஞ்சுச் சிவப்புப் பொடி, ஈயத்தைச் சுட்டு எடுப்பது.

அயச்செந்தூரம் இரும்பு. ஈயச்செந்தூரம் ஈயம். முன்னால் ஒரு சொல் வித்தியாசம். அந்த ஒரு சொல்லை நான் கேட்கவில்லை. அழகி அழுதாள், எழுந்து போனேன்.

மேரி பக்கம் திரும்பினேன். "ஒங்க லேப் சாவி ஒங்கிட்டதானே இருக்கு? நாளைக்குச் சனிக்கிழமை, திறக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் இருந்த கிலுகிலுப்பையைப் பார்த்தாள். செசிலியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

17 செப்டம்பர், சனி

ஸ்கூல் லேப். வேறு யாருமில்லை. மேரியும் நானும்.

சிவப்பைச் சுரண்டி எடுத்து, எரிசாராயத்தில் அரக்கைக் கரைத்து இறுத்தேன். அடியில் நின்ற பொடியில் நைட்ரிக் அமிலம். சிவப்பு போய்க் காப்பிப்பொடி நிறத்தில் ஒன்று தங்கியது. அங்கேயே தெரிந்துவிட்டது, ஈயம்தான் என்று. இருந்தாலும் வடிகட்டினேன். தெளிந்த தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு, ஈயம் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள். சாமந்திப்பூ மஞ்சள்.

மேரி டெஸ்ட் டியூபை வாங்கிச் சூடு பண்ணினாள். மஞ்சள் கரைந்து தண்ணீராயிற்று. குழாயடியில் பிடித்தாள். ஆற ஆற உள்ளே பொன் துகள் மினுமினுவென்று இறங்க ஆரம்பித்தது. காலேஜில் இந்தச் சோதனையை வேண்டுமென்றே இரண்டு தடவை செய்வோம், அழகுக்காக. "பொன்மழைடி" என்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

இன்றும் அதே அழகாகத்தான் பெய்தது.

"இந்தப் பொடியை நீ சோதிக்கலையா?" என்றாள்.

"அவரு கொண்டுவந்ததுடி."

"அதான் கேக்குறேன். சோதிக்கலையா?"

செசிலியை இன்றே திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "என்ன விஷம்னு எழுதிக் கொடு, அது போதும்." எழுதிக் கொடுத்தேன். கை பழக்கத்தில் கீழே கையெழுத்தையும் போட்டுவிட்டேன்.

18 செப்டம்பர்

இதை ஒழுங்காக எழுத முடியுமா, தெரியவில்லை.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன்? சாப்பிடுகிறவரிடம் கேட்கக் கூடாது என்று. எவ்வளவு நல்ல பெண்டாட்டி நான்!

"நீங்க வாங்கிட்டு வந்தது ஈயம்" என்றேன். எல்லாம் சொன்னேன். கோடு, பொன்மழை, செசிலி. பாவம், தெரியாமல் வாங்கியிருக்கிறார், பதறிப் போவார், எப்படித் தேற்றுவது — இப்படித்தான் நினைத்துக்கொண்டே சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பதறவில்லை.

"செந்தூரம்னுதானே சொன்னேன்? பொய்யா சொன்னேன்?"

"எந்தச் செந்தூரம்னு சொன்னீங்களா?"

"நீ கேட்டியா? நீதானே படிச்சவ."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சமாதானம் பண்ணுகிற மாதிரி: "இந்தா கமலம், கடைக்காரன் சொல்லத்தான் செஞ்சான், இது சிலைக்குப் பூசறது, உள்ளுக்கு ஆகாதுன்னு. ஒரு கோடு அகலம், அதுவும் அரக்குக்குள்ள பூட்டிக்கிடக்கு, என்ன பண்ணிரும்னு நெனச்சேன். அதுக்குன்னு நான் ஈவு இரக்கம் இல்லாதவனா? நம்ம அழகி வாயில அதை வச்சேனா? ராவெல்லாம் உக்காந்து வெறும் மரத்தைத் தேய்ச்சுக் கொண்டாந்தேனே, அதை நெனச்சுப் பாரு!"

அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் தனக்குச் சாட்சியாகத்தான் சொன்னார். பிள்ளை மேல் எவ்வளவு பாசம் பார் என்று.

வெறும் மரம். கண்ணு பட்டுரும் கமலம். நானே தேய்ச்சேன்.

தெரியும். ஜூலை இருபதாம் தேதியே தெரியும். நான் "தாராளமா" என்று செசிலியின் வாய்க்குக் கொடுத்த அன்று, அதே கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. என் கையெழுத்தை ஒவ்வொரு லேபிளிலும் வாங்கினார், திறக்கவில்லை. தெரியாம செஞ்சிருந்தா நான் இன்னைக்கு அவரைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். தெரிஞ்சு, ஒரே ஒரு பிள்ளையை மட்டும் எடுத்து ஓரமா வச்சிட்டு —

எழுத முடியவில்லை.

19 செப்டம்பர்

சென்னைக் கடைக்குக் கடிதம் எழுதினேன், விற்பதை நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லி. அவர் தானே தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டார். "தப்புத்தான். சரி பண்ணிருவோம்" என்றார். ஒரு நாளாவது நம்பலாம் என்று இருந்தது.

23 செப்டம்பர்

சென்னையிலிருந்து கார்டு. நேற்று எழுதியது. சரக்கு நன்றாகப் போகிறதாம், கொலுவுக்கு முன் இன்னும் இரண்டு குரோஸ் அனுப்பவாம். என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பட்டறைக்குப் போனேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையில் கடிதம். ஸ்டாம்புகூட ஒட்டியிருந்தது.

நேராகத் தந்தி ஆபீஸ். தந்தி ஃபாரத்தில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், சிவப்பு விஷம், விற்காதே என்று. குமாஸ்தா படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "விஷமா! யாரும்மா சாப்பிட்டது?"

"யாருன்னு தெரியலைங்க. அதுக்குத்தான் தந்தி."

26 செப்டம்பர்

பட்டறைக் கணக்கு நோட்டில் உள்ளூர் விலாசங்கள் இருந்தன. மூன்று நாளாக வீடு வீடாகப் போகிறேன். அழகி இடுப்பில். அவளை யாரிடமும் விட மனசில்லை.

பாதிப் பேர் வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கிலுகிலுப்பையைக் கொடுத்த கையோடு என் கண்ணெதிரே பிள்ளையின் வாயைக் கழுவினார்கள். பிச்சையம்மாள் என்று ஒருத்தர், பேரனுக்கு வாங்கியவர், கொடுக்கவே மாட்டேன் என்றார். "குடுத்ததத் திருப்பிக் கேக்குற பழக்கம் எங்கிட்ட இல்ல. ஆஞ்சநேயருக்குப் பூசுற செந்தூரம் பிள்ளைய என்னடி செய்யும்?"

"ஆஞ்சநேயர் சப்ப மாட்டாருங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போனார். கிலுகிலுப்பையோடு லேபிளையும் கொண்டுவந்தார். பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

"ஒங் கையெழுத்தப் பார்த்துத்தான் வாங்குனேன். அப்பக் கெடுதல் இல்லேன்னே. இப்ப விஷங்கிறே. இதுல எத நம்ப?"

கும்பிட்டேன். கொடுத்துவிட்டார்.

30 செப்டம்பர்

அவருக்குத் தட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். மீதி லேபிள் ஒரு கட்டு மேஜையில் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றிலும் என் பேரை மட்டும் வெட்டி எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரு தப்புக்கு எத்தனை தடவ வெட்டுவே?" என்றார்.

இருநூற்றுப் பதினாறு தடவை.

4 அக்டோபர்

அழகியின் ஈறைக் காலை மாலை பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரியும், அவளைத்தான் காப்பாற்றி வைத்திருந்தாரே. பார்க்கும்போதெல்லாம் ஒரு நிம்மதி, உடனே ஒரு கூச்சம். இந்த நிம்மதியை எனக்குக் கொடுத்தவர் அவர்.

15 அக்டோபர்

சென்னையிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. நானூற்று முப்பத்திரண்டு போயிற்று. முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று வந்திருக்கிறது. கடைக்காரரின் கடிதத்தில் இனிமேல் நம்மோடு பேச்சே இல்லை என்று இருக்கிறது. நியாயம்.

நாற்பத்தொரு வீடு எங்கோ இருக்கிறது.

எரிக்கக் கூடாது, புகையும் விஷம். பட்டறைக்குப் பின்னால் இடுப்பளவு ஆழம் தோண்டச் சொன்னேன். செல்லமுத்து அண்ணன்தான் தோண்டினார். கொட்டும்போது ஒவ்வொன்றும் கிலுகிலுவென்று — அது கிலுகிலுப்பைதானே, வேறு என்ன செய்யும். காதைப் பொத்திக்கொண்டேன்.

மண்ணைத் தள்ளிவிட்டு அண்ணன் சொன்னார்: "நானும் எம் மகளுக்கு ஒண்ணு கொண்டு போனேன் ஆத்தா. இந்தச் சிவப்புல. ஐயா அப்ப எதுக்க நின்னாரு. 'எடுத்துட்டுப் போ செல்லமுத்து'ன்னாரு."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாலு. வாயில வைக்கல. ஆட்டித்தான் வெளாடும். மேலுக்குப் பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"கையை நல்லாக் கழுவி விடுங்க. அதை நாளைக்கே கொண்டாந்துருங்க." அவர் தலையாட்டினார். மண்வெட்டியைக் கழுவினார். பிறகு மறுபடி கழுவினார்.

8 நவம்பர்

செசிலி எழுந்து உட்காருகிறாளாம். பாலும் கால்சியம் ஊசியுமாக ஆறு வாரம். வேறு டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

22 ஜனவரி 1956

மேரி ஸ்கூல் வாசலில் வரச் சொல்லியிருந்தாள். செசிலி அவள் விரலைப் பிடித்து நடக்கிறாள். வருஷம் தாண்டியும் இன்னும் தள்ளாட்டம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

"லேப்ல உதவிக்கு ஆள் எடுக்குறாங்க. ஒம் பேரைச் சொல்லியிருக்கேன்" என்றாள் மேரி.

"என் பேரையா?"

"ஒனக்கு வேலை தெரியும். ஒங்க வீட்டுக்கு இனி நான் வரமாட்டேன் கமலம். அந்தக் கூடத்துல என்னால உக்கார முடியாது. ஆனா நீ இங்க வா. இங்க எதையும் நாம நம்ப வேண்டியதில்ல, பார்த்துக்கலாம்."

வீட்டில் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. "பிள்ளையை யார் பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்டார். கூட்டிப் போகிறேன் என்றேன்.

2 செப்டம்பர் 1956

பட்டறை மறுபடி கட்டில் காலும் தொட்டில் கம்பும்தான். எப்போதாவது செல்லமுத்து அண்ணன் உளியைத் துள்ளவிட்டு ஒரு தொட்டில் கம்பில் பூ போடுகிறாராம், கேட்டு வருகிறார்கள். நிறம் இல்லை.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. இவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் புரியாதது. அழகிக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். அந்த நடையைப் பார்க்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது.

மாதம் தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

29 ஏப்ரல் 1957

பையன். ஏகாம்பரம் என்று அவர் அப்பா பேர். சுகம்.

14 செப்டம்பர் 1957, சனி

சின்னவனுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. சீக்கிரம்தான். கையை முட்டி வரை வாயில் விடுகிறான்.

நேற்று அவர் பட்டறையிலிருந்து வரும்போது துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். என் எதிரில் பிரித்தார். கிலுகிலுப்பை. நடுவில் உளிப் பூ, இரண்டு பக்கம் கம்பிக் கோடு, அதற்கு வெளியே வளையம். ஒரு ஓரம் பச்சை, ஒரு ஓரம் சிவப்பு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன் அந்த வேலையை. சிவப்பு மங்கல்தான், பழைய செங்கல்.

"சப்பாங்கட்டை" என்றார். "நீ பண்ணின மாதிரியே கொதிக்க வச்சேன். செல்லமுத்தைக் கேட்டுக்க."

அவர் சிவப்பு வளையத்தைத் தன் வாயில் வைத்து அழுத்திக் கடித்தார். இன்னொரு தடவை கடித்தார். அப்புறம்தான் சின்னவன் பக்கம் நீட்டினார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பாதி தலை நரைத்துவிட்டது இவருக்கு. எப்போது?

"இருக்கட்டும், கழுவிக் கொடுக்கிறேன்" என்று வாங்கி வைத்தேன்.

இன்று காலை லேபுக்குக் கொண்டு போனேன். சிவப்பில் ஓரமாக, வெளியே தெரியாத இடத்தில், நகக்கண் அளவு சுரண்டினேன். எரிசாராயம், அமிலம், வடிகட்டல். மேரி பக்கத்து மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள், என்ன என்று கேட்கவில்லை. செசிலியும் அழகியும் ஜன்னலடியில் சாக்பீஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அயோடைடு இரண்டு சொட்டு விட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. மணி பார்த்துக் கால் மணி நேரம் வைத்திருந்தேன். அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சின்னவன் கையில் கொடுத்தேன். நேராகச் சிவப்பில் வாய் வைத்தான். அவர் கூடத்தில் அதே நாற்காலியிலிருந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நான் நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். லேபுக்குக் கொண்டுபோனதை அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கிலுகிலுப்பையைத் திருப்பி, மறு ஓரத்தை வாய்க்குக் கொண்டுபோனான். மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

பச்சையை இன்னும் சோதிக்கவில்லை.